பூட்டு என்று தட்டினேன்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து லேப்டாப்பில் என் குறிப்புச் செயலியைத் திறந்தேன். ஒரு காரணமும் இல்லாமல் ‘பூட்டு’ என்று தட்டினேன். நான்கு குறிப்புகள் வந்து நின்றன.

ஒன்று, 2019-இல் திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்குப் போனபோது எழுதியது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷம் அது. பட்டறையில் ஒரு பெரியவர் மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டே, “குறியீடு வந்துருச்சும்மா, வேலைக்கு ஆளுதான் வரலை” என்றார். இரண்டாவது என் ஆச்சியின் இடுப்புச் சாவிக்கொத்து. பதினோரு சாவி. அதில் மூன்றுக்குத்தான் பெட்டி இருந்தது. மற்ற பெட்டிகள் பாகப்பிரிவினையிலும் பழைய சாமான்காரனிடமும் போய்விட்டன. சாவிகளை மட்டும் அவள் கடைசி வரை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாவது நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் கண்டது. லாக்கர் எங்கள் சாவியும் வாடிக்கையாளர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். நான் எங்கள் சாவியைத் திருகிவிட்டு வெளியே வந்துவிடுவேன். மாதா மாதம் ஒரு பெண்மணி வருவார், திறப்பார், ஐந்து நிமிஷம் கழித்துப் பூட்டிவிட்டுப் போவார். கையில் பையே இருக்காது. நான்காவது வெறும் ரயில் வேடிக்கை. இருக்கைக்கு அடியில் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிய மனிதர், விருதுநகர் வந்ததும் சாவியைக் காணாமல் தேட, பெட்டியோடு சேர்ந்து கோவில்பட்டி வரை போனார்.

நான்கையும் ஒரே திரையில் வரிசையாகப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண்மணியின் லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியே இல்லாத எட்டுச் சாவிகள்! சத்தியமாகச் சொல்கிறேன், கை நடுங்கியது. இரண்டு மணி நேரத்தில் கதையின் முதல் வரைவு வந்துவிட்டது. தை மாதம் அச்சில் வந்தது. இருபத்து மூன்று வருஷமாகச் சிறுகதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் அழுது, அடித்து, கிழித்து எழுதியவள்தான். ஒரு கதை தானாக நடந்து வந்து மடியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தச் செயலியைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டு திரிகிறேன். என் வீட்டுக்காரர், “எல்.ஐ.சி. ஏஜென்ட் தோத்தான் போ” என்கிறார். பரவாயில்லை. அதன் பெயர் அப்சிடியன். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் உண்டாகும் கறுப்புக் கண்ணாடிக் கல்லின் பெயர். 2020-இல், ஊரடங்குக் காலத்தில், ஷிடா லி, எரிகா ஷு என்ற இரண்டு பேர் வெளியிட்டது. இலவசம். இலவசம் என்றால் முப்பது நாள் இலவசம் இல்லை, மொத்தமாகவே இலவசம். பல கருவிகளுக்கு இடையே குறிப்புகளை ஒத்திசைத்துத் தருவது போன்ற சில கூடுதல் சேவைகளுக்கு மட்டும் காசு கேட்கிறார்கள். எனக்கு அவை தேவைப்படவில்லை.

இந்தப் பரவசம் புரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நான் கிடந்த கிடையைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா பால் கணக்கைத் தினசரி காலண்டர் தாளில் கிழித்து எழுதி, அடுப்படி ஆணியில் குத்தி வைப்பாள். நானும் அவள் மகள்தானே. காலண்டர் தாளின் பின்பக்கம், பஸ் டிக்கெட், வங்கியில் வீணான செலான், யாரோ கொடுத்த டைரிகள் என்று எங்கும் எழுதினேன். டைரியில் ஜனவரி முழுக்க நிறைந்திருக்கும், மாசியோடு வறண்டுவிடும். கதைக்கு ஒரு விவரம் வேண்டும் என்று தேடினால் ஒரு நாள் போய்விடும். தேடியது கிடைக்காது. வேறொன்று கிடைக்கும். அதைப் படித்துக்கொண்டே பொழுது சாய்ந்துவிடும்.

கணினிக்கு வந்த பிறகாவது உருப்பட்டேனா? 2003 வாக்கில் ஒரு பழைய எழுத்துருவில் அறுபது, எழுபது பக்கம் குறிப்பு அடித்துக் குறுவட்டில் வைத்திருந்தேன். ஏழெட்டு வருஷம் கழித்துத் திறந்தால் தலைக்கு மேலே கொம்பும் மீசையும் முளைத்த ரோமன் எழுத்துகளாக வரிசை கட்டி நிற்கின்றன. அந்த எழுத்துரு புதுக் கணினியில் இல்லை. யுனிகோடு மாற்றியில் போட்டுப் பாதிக்கு மேல் மீட்டேன். மீதி போனது போனதுதான். என் தாத்தாவின் சாவு வீட்டைப் பற்றி எழுதிய ஆறு பக்கமும் அதில் போயிற்று. அப்புறம் எல்லோரும் வைத்திருந்த ஒரு குறிப்புச் செயலிக்கு மாறினேன். சில வருஷம் சுகமாக இருந்தது. ஒரு நாள் இலவசக் கணக்கின் விதிகளை இறுக்கிவிட்டார்கள். குறிப்புகளை வெளியே எடுக்கப் பார்த்தேன். தேதி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று சிதறி வந்தன. எழுதியது நான், பூட்டு அவர்களுடையது.

அப்சிடியனில் முதலில் என்னைக் கவிழ்த்தது இந்த விஷயம்தான். அது குறிப்புகளைத் தனக்குள் விழுங்கி வைத்துக்கொள்வதில்லை. கணினியில் ஒரு சாதாரண ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். தலைப்பு வேண்டுமென்றால் வரிக்கு முன்னால் ஒரு # குறி, அழுத்தம் வேண்டுமென்றால் சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம். இதற்கு மார்க்டவுன் என்று பெயர், ஜான் க்ரூபர் என்பவர் 2004-இல் உருவாக்கிய முறை. நாளைக்கே இந்தச் செயலியை இழுத்து மூடினாலும் என் கோப்புகளை நோட்பேடில் திறந்து படிக்கலாம். மாதக் கடைசியில் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகல் எடுத்து, அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைக்கிறேன். கடுகு இருந்த குழியில் 2023, வெந்தயத்தில் 2024.

நிறுவிக் கொடுத்தவள் என் மகள். “ம்மா, ரெண்டு சதுர அடைப்புப் போட்டு ஒரு வார்த்தை எழுதும்மா, அவ்வளவுதான்” என்றாள். [[பூட்டு]] என்று எழுதினேன். சொல் நிறம் மாறியது. தொட்டால் அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்தது. அவள் போன பிறகு இன்னொரு குறிப்பில் அதையே எழுதினேன். அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தால், கீழே, எந்தெந்தக் குறிப்பில் இந்தச் சொல்லை முடிந்து வைத்தேனோ அத்தனையும் அந்தந்த வரியோடு வந்து நிற்கிறது. நான் போய்க் கூப்பிடவில்லை, அவையாக வந்தன! பேக்லிங்க் என்கிறார்கள். நான் ‘பின்முடிச்சு’ என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த ஒன்றுக்காக இதை உருவாக்கிய அந்த இருவருக்கும் எங்கள் ஊர் நெல்லையப்பர் கோவிலில் அர்ச்சனையே செய்யலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன வம்பு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏறினால் உருவமே மாறிவிடும். கிணறு என்று தேடினால் ‘கிணற்றடி’ வராது, ‘கிணற்றில்’ வராது. சரி, ‘கிண’ என்று மட்டும் தேடுவோம் என்றால் கிணற்றோடு கிண்ணமும் கிண்டலும் சேர்ந்து வந்து குதிக்கின்றன. மரம் மரத்தை ஆகிவிடுகிறது, ஆடு ஆட்டை ஆகிவிடுகிறது. முடிச்சுதான் இதற்கு மருந்து. [[கிணறு|கிணற்றில்]] என்று நடுவே ஒரு கோடு போட்டு எழுதினால், முடிச்சு கிணறு பக்கத்துக்குப் போகும், வாக்கியத்தில் ‘கிணற்றில்’ என்றே தெரியும். முதல் வாரம் கை வலித்தது. இப்போது தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கும் வேகத்திலேயே கோடும் விழுகிறது.

இதற்கு நடுவில் மூன்று மாதம் பைத்தியம் பிடித்து அலைந்ததையும் மறைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான துணைச் செருகிகள் கிடைக்கின்றன. நிறம் மாற்ற ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, பட்டியல் போட ஒன்று. எல்லாவற்றையும் ஏற்றினேன். குறிப்புகளுக்கிடையே உள்ள முடிச்சுகளை வானத்து நட்சத்திரம் போலக் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. அதை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தேன், தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவள் “கொசு வலையா?” என்று கேட்டாள். அந்த மூன்று மாதத்தில் ஒரு கதையும் எழுதவில்லை. வரைபடம் அழகுதான், ஆனால் அதைப் பார்த்து எனக்கு ஒரு வரி கூட ஓடவில்லை. ஆசாரியின் வீட்டில் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தால் கட்டில் எப்போது வரும்? ஒரு சனிக்கிழமை எல்லாச் செருகிகளையும் கழற்றி எறிந்தேன். இப்போது மிச்சம் இருப்பது அன்றாடக் குறிப்பு, முடிச்சு, தேடல், மூன்றே மூன்று.

யூடியூபில் இதைக் கற்றுத் தருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஜெர்மானியரின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நிக்லாஸ் லூமன், சமூகவியலாளர், பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1998-இல் காலமானார். 1950-களின் தொடக்கத்திலிருந்து சிறு சிறு தாள்களில் குறிப்பு எழுதி மர இழுப்பறைகளில் அடுக்கி வந்தார். மொத்தம் சுமார் 90,000 தாள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணுக்குப் பின்னால் எழுத்து, எழுத்துக்குப் பின்னால் மறுபடியும் எண். இதனால் ஒரு தாளுக்குப் பக்கத்தில் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு கிளை முளைக்கலாம். அந்தப் பெட்டியோடு தான் உரையாடுவதாகவே அவர் 1981-இல் ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை, ஒரு தாள். இந்தப் பெட்டியில் உள்ள மற்ற எல்லாத் தாள்களையும் பொய்யாக்கும் வாதம் ஒரு தாளில் இருக்கிறது, ஆனால் இழுப்பறையைத் திறந்ததும் அது மறைந்துவிடும் என்ற பொருளில் அதில் எழுதி வைத்திருக்கிறார். சமூகவியல் பேராசிரியர் தன்னந்தனியாக உட்கார்ந்து தன் பெட்டியோடு விளையாடியிருக்கிறார் பாருங்கள்!

நாவலாசிரியர்களில் நபகோவ் அட்டைகளில் எழுதினார். அவர் இறந்தபோது முடியாமல் விட்ட நாவல் 138 அட்டைகளாக இருந்தது. 2009-இல் அந்த அட்டைகளையே அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆனால் பின்முடிச்சைப் பார்த்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் உ.வே.சா.தான். அவர் பதிப்பித்து 1887-இல் வந்த சீவக சிந்தாமணியும் 1894-இல் வந்த புறநானூறும் வெறும் மூலமும் உரையுமாக இல்லாமல், அடுத்தடுத்த பதிப்புகளில் அரும்பத அகராதியும் ஒப்புமைப் பகுதியுமாகப் பெருகி நிற்கின்றனவே, அது எப்படி? ஒரு சொல் இங்கே இருக்கிறது, இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று சுவடி சுவடியாகக் கையாலேயே முடிச்சுப் போட்டிருக்கிறார். நான் இரட்டை அடைப்பு அடிக்கவே முதல் வாரம் அலுத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். எதை முடிச்சுப் போடுவது?

ஆரம்பத்தில் நான் எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய சொற்களாகப் போட்டேன். தனிமை, முதுமை, பெண்ணின் இருப்பு, நினைவு. ஆச்சியின் சாவிக்கொத்துக்கு என்ன போட்டேன் தெரியுமா? ‘இழப்பு’. லாக்கர் பெண்மணிக்கு ‘தனிமை’. திண்டுக்கல் பட்டறைக்கு ‘கைத்தொழில்’. ரயில்காரருக்கு ‘நகைச்சுவை’. நாலும் நாலு அலமாரிக்குப் போய்விட்டன. ஒன்றையொன்று அவை சந்திக்க வழியே இல்லை. ‘தனிமை’யைத் திறந்தால் நூற்றுக்கும் மேலே குறிப்புகள் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும். எல்லோரும் ஒரே முகத்தோடு இருக்கிற கூட்டத்தில் யார் யாரோடு பேசுவார்கள்?

ஒரு நாள் பஸ்ஸில், வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது, பி.ஏ. தமிழில் மனப்பாடம் செய்த ஒன்று மூளையில் பொறி தட்டியது. முதல், கரு, உரி. தொல்காப்பியம் திணையைப் பிரிக்கிற விதம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் இத்தனை நாளாக உரிப்பொருளில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்! கவிஞர்கள் என்ன செய்தார்கள்? நாரையையும் நண்டையும் புன்னையையும் காட்டினார்கள். இரங்கல் அதில் தானாக ஏறி உட்கார்ந்தது.

அன்று ராத்திரியே வேலையைத் தொடங்கினேன். ‘இழப்பு’, ‘தனிமை’, ‘நினைவு’ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு குறிப்பிலும் கையால் தொடக்கூடியது எது என்று பார்த்து அதில் மட்டும் முடிச்சுப் போட்டேன். பூட்டு, கிணறு, கொடிக்கயிறு, ரேஷன் கார்டு, வெந்நீர் அண்டா, செருப்பு, வேப்பமரம், மூக்குக் கண்ணாடி. கூடவே பொழுதும்: அந்தி, விடியல், மத்தியானம் இரண்டு மணி. ஆயிரத்து இருநூறு குறிப்புகள், ஐந்து வாரம். மகள் “உனக்கு வேற வேலையே இல்லியாம்மா” என்றாள். சோறு பல நாள் ரசத்தோடு முடிந்தது. யாரும் சாகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ‘செருப்பு’ பக்கத்தில், கோவில் வாசலில் செருப்புப் பாதுகாக்கும் பாட்டியும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்ட என் அப்பாவும், ஒரு துணிக்கடைத் தரையில் தன் பாதம் படக் கூசிய ஒரு சிறுவனும் ஒன்றாக நிற்கிறார்கள். ‘மத்தியானம் இரண்டு மணி’யைத் திறந்தால் தெருவே தூங்குகிற நேரத்தில் விழித்திருப்பவர்கள் எல்லாம் வந்துவிடுகிறார்கள்: தபால்காரர், ஐஸ் விற்பவர், வீட்டை விட்டுப் போக நினைக்கிற பெண். இவர்களை நான் யோசித்துச் சேர்த்திருக்க முடியுமா? சத்தியமாக முடியாது. மூவரும் மூன்று வெவ்வேறு வருஷத்தில் எழுதப்பட்டவர்கள். போன ஒரு வருஷத்தில் ஐந்து கதை. அதற்கு முந்தைய நாலு வருஷத்துக்கும் சேர்த்து நாலு.

எண்ணிக்கை குறைவாக இருக்கும் பக்கங்கள்தான் சூடு, இதையும் அனுபவத்தில் கண்டேன். மூன்று, நான்கு, ஐந்து குறிப்புகள் வரை கதை. பத்தைத் தாண்டினால் அந்தச் சொல் நீர்த்துவிட்டது என்று அர்த்தம், பிரித்துவிடுவேன். ‘மழை’ முப்பதுக்குப் போனதும் ‘கூரைத் தகரம்’, ‘ஒழுகல் பாத்திரம்’, ‘நனைந்த தீப்பெட்டி’ என்று மூன்றாக்கினேன். அதில் ‘நனைந்த தீப்பெட்டி’ இன்னும் ஒற்றையாளாகவே நிற்கிறது. ஜோடிக்குக் காத்திருக்கிறேன்.

அன்றாடம் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போனிலும் அதே செயலி இருக்கிறது. அன்றைய தேதியில் ஒரு பக்கம், அதில் கண்டது கேட்டது இரண்டு மூன்று வரி. எங்கே போடுவது என்று அப்போது யோசிப்பதே இல்லை. ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து, அன்றைய வரிகளில் நாளைக்கும் நிற்கும் என்று தோன்றுவதை மட்டும் தனிக் குறிப்பாக்கி, ஒரு முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைக்கிறேன். ‘ஆச்சி’ என்று வைத்தால் அடுத்த வருஷம் எனக்கே புரியாது. ‘ஆச்சியின் பதினோரு சாவியில் எட்டுக்குப் பெட்டி இல்லை’ என்று வைத்தால் தலைப்பே பாதிக் கதை. மற்றவை அந்தத் தேதியிலேயே கிடக்கட்டும். ப்ராஜெக்ட், ஏரியா, ரிசோர்ஸ், ஆர்கைவ் என்று நாலு ஃபோல்டர் போடச் சொல்லி டியாகோ ஃபோர்ட்டே என்பவரின் முறை ஒன்று புகழ்பெற்றது. வங்கி வேலைக்கும் வீட்டு வரிக்கும் அது நன்றாகவே உதவும். கதைக்கு எனக்குச் சரிவரவில்லை. கதை ஃபோல்டரில் பிறப்பதில்லை, இரண்டு ஃபோல்டருக்கு நடுவில் பிறக்கிறது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கண்ட மனிதர்களை எழுதும்போது அடையாளத்தைக் குறிப்பிலேயே மாற்றிவிடுகிறேன், கதையில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. லாக்கர் பெண்மணியின் வயது, ஊர், வரும் நாள் எதுவும் நிஜம் இல்லை. கையில் பை இல்லாதது மட்டும் நிஜம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தமாஷ். இன்று காலை பாளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் மூடியில்லாத தூக்குவாளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தளும்பாமல், கூட்டத்துக்குள் நடந்து போனான். உள்ளே என்ன என்று பார்க்க எட்டினேன், டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். போனில் அப்படியே எழுதி [[தூக்குவாளி]] என்று முடிச்சுப் போட்டேன். சும்மா ஒரு பழக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஏற்கெனவே இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி 2020-இல் சாத்திய தேநீர்க் கடை வாசலில் வெறும் வாளியோடு நின்றவள். இன்னொருவர் என் பெரியப்பா. அவருக்குத் தினமும் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது நான். வழியில் பாதியைக் குடித்ததும் நான். அவர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வருகிறது. இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன், மூன்று பேரும் காத்திருக்கிறார்கள்.